சீரியலில் வரும் மாமியார்

காவிரிப் பாலத்தின் மேல் பஸ் நின்றுவிட்டது. கீழே தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. யாரோ டப்பாவைத் திறக்க, சுண்டலின் பெருங்காய வாசனை நவராத்திரியைக் கொண்டுவந்தது. முன் சீட்டு மாமிக்கும் அதே நினைவு வந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த, அவரைவிட இளைய பெண்ணிடம் கேட்டார்.

“சீரியல்ல உன் பொண்ணு மாமியாரா வராளே, அது நான்தானே?”

“ஐயோ மாமி...”

“ஏழு வயசுல உங்காத்துக் கொலுல மரப்பாச்சியை என் குரல்ல பேச வச்சா. வந்தவா எல்லாரும் சிரிச்சா. அப்புறம் நான் உங்காத்துப் படி ஏறலை.”

“அன்னிக்கே அவளை அடிச்சேன் மாமி. எங்க கேட்டா? ஸ்கூல் நாடகம், காலேஜ் நாடகம்னு போய் இப்போ சென்னை. இதுதான் அவளுக்கு முதல் பெரிய வேஷம். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா மாத்தி நடிக்கச் சொல்றேன்.”

பஸ் நகர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்க எழுந்த மாமி, கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

“சண்டை போட்டு முடிச்சதும் நான் ஒரு வாய் தண்ணி குடிப்பேன். அதை அவ விட்டுட்டா. சொல்லிடு.”