மிருகத்துக்கு நாலு பல்

மணி மூணு. ராத்திரி மூணு என்று நினைக்க வேண்டாம்... பட்டப்பகல் மூணு மணி. கிடங்குகளுக்கு நடுவில் ஒரு சாலை. இரண்டு பக்கமும் தகரக் கதவுகள், எல்லாவற்றிலும் பூட்டு. ஈ காக்கை இல்லை. வெயிலில் தகரம் விரிகிற சத்தம் மட்டும்... டிக்... டிக்... அந்தச் சாலையில் ஒரே ஒரு ஆள், தோளில் ரெக்சின் பையோடு நடந்து போகிறார்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம். டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் மூடிவிடுங்கள். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சி ஒருத்தன் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பாதான் அந்த ஆள். இன்றைக்கு அவன் வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். பெரியப்பாவுக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சை வைத்துச் செட் செய்து கொடுப்பார். நடமாட முடியாதவர்கள் என்றால் வீட்டுக்கே போய் அச்சும் எடுப்பார். சீழ், எச்சில், அழுகின வேர், எதைப் பார்த்தும் முகம் சுளிக்காத மனுஷன். கேட்டால், "மீன் விக்கிறவனுக்கு மீன் நாறுமாடா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு அந்தச் சாலையின் கடைசி வீட்டு வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். ஊறின காகித வாடை. புளித்த பால் வாடை. அதற்கும் கீழே, நாள்கணக்காகக் கழுவாத ஒரு வாயின் வாடை.

அவர் வந்தது தன் அக்காவைக் கூட்டிப் போக. அக்கா புருஷனை இழந்தவள். அந்தத் துக்கத்தில் இந்த வீட்டுக்கு வேத விளக்கம், அதாவது பைபிளுக்கு விளக்கம், கேட்கப் போனாள். போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். விளக்கம் சொல்கிற கிழவருக்கு 'முத்திரை ஐயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் முப்பது பேர் போல வந்தார்களாம். ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் அக்கா மட்டும் மிச்சம். இங்கே பெரியப்பா வீட்டில் அக்காவின் மகளுக்கு மாசம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவம். "அம்மா வராம நான் ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க மாட்டேன் மாமா" என்று அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டது. எப்படியாவது அக்காவைக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினார்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. மென்றுகொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, இரு என்றாள். மென்றாள்... மென்றாள்... பிறகு ஒரு கரண்டியை வாயருகே வைத்துத் துப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. உதட்டுக்கும் கரண்டிக்கும் நடுவில் எச்சில் நூல் தொங்கியது.

நாற்காலியில் இருந்த கிழவர் குருவிக் குஞ்சு போல வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. அக்கா அந்த உருண்டையை ஊட்டினாள். உதட்டோரம் வழிந்ததைக் கட்டைவிரலால் வழித்தாள். அந்த விரலைத் தன் வாயில் வைத்துச் சப்பினாள்.

சொன்னேனே, டப்பாவை மூடுங்கள் என்று.

"என்னக்கா இது கண்றாவி?"

"இன்னிக்குப் பக்கம்டா. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வேதத்தோட கடைசிப் புத்தகம் படிக்கறதுக்கு இல்ல, தின்னுறதுக்கு. அப்படித்தான் அதுலயே எழுதியிருக்கு. வாயில தேனா இருக்கும். வயித்துக்குப் போனாத்தான் கசக்கும்."

"காகிதம் தேனா இருக்குமா? உனக்கு மூளை கீளை..."

"தேனாத்தான் இருக்குடா." அக்கா எச்சிலை விழுங்கினாள். "அதான்டா பயமா இருக்கு."

வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் வருகிற மிருகங்களையும் முத்திரைகளையும் ஆளுக்கு ஒரு விதமாக அர்த்தம் சொல்வார்கள். ராஜா என்பார்கள், யுத்தம் என்பார்கள். முத்திரை ஐயா சொன்னது வேறு. வெளியே எதுவும் இல்லை, எல்லாம் தலைக்குள்ளே நடக்கிறது என்றார்.

"முகத்துல எத்தனை ஓட்டை, எண்ணு தம்பி. கண்ணு ரெண்டு, காது ரெண்டு, மூக்குல ரெண்டு, வாய் ஒண்ணு. ஏழு முத்திரை. சமுத்திரம்னா எது? எச்சில். சமுத்திரத்துலருந்து எழும்புற மிருகம் எது?"

வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினார். அகலமான நாக்கு. நடுவில் வெடிப்பு. அச்சு மை ஏறிச் சாம்பல் பூத்திருந்தது. அவர் உள்ளே இழுத்தபோதும் அது ஒரு கணம் தயங்கி, பிறகுதான் உள்ளே போனது போல இருந்ததாம். இதைச் சொல்லும்போது பெரியப்பாவே, "எனக்கு அப்படித் தோணிச்சு, அவ்வளவுதான்" என்பாராம்.

"வெள்ளை உடுத்திக்கிட்டு, சிங்காசனத்தைச் சுத்தி இருபத்துநாலு மூப்பர் உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு? சொல்லு, உன் தொழில்தான்."

"பல்லா?"

கிழவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"மனுஷனுக்கு முப்பத்திரண்டு பல்லாச்சே ஐயா? கணக்கு உதைக்குதே."

"மூப்பர் இருபத்துநாலுதான். அதுக்கு மேல இருக்கிறதெல்லாம் மிருகத்தோடது. என் மூப்பருங்க எல்லாரும் விழுந்துட்டாங்க. காவல் இல்லாம அது என் வாயில கிடக்கு. தினம் ஒரு பக்கம் போட்டுத்தான் அடக்கி வெச்சிருக்கேன்."

கிழவருக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று பல்செட்காரர் அக்காவிடம் திரும்பினார். மகளைப் பற்றிச் சொன்னார். அக்காவின் கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நான் வந்துட்டா இவருக்கு யாருடா மெல்லுறது?"

"இதானா உன் பிரச்சினை? பல்செட் செஞ்சு கொடுத்துட்டா? அவரே மென்னுக்கட்டும். அப்ப வருவியா?"

"வர்றேன்."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

சொன்னாள். நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பிள்ளை பெறப்போறவளா? அதுவும் புத்தகத்துல இருக்கு தம்பி. ஒரு ஸ்திரீ வலியில கத்துறா. பொறக்கப் போற பிள்ளைக்காக ஒருத்தன் வாயைத் திறந்துக்கிட்டு அவ முன்னாடியே நிப்பான்." கிழவர் உடனே பயந்தவர் போல வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாகச் சொன்னார். "இருபத்துநாலு. ஒண்ணு கூடக் கூடாது. கேட்டுடுச்சு அதுக்கு. சீக்கிரம் செய்."

அன்றைக்கே அச்சு எடுத்தார். அச்சு மாவைத் தண்ணீரில் குழைத்து, ட்ரேயில் அப்பி, மேலண்ணத்தில் வைத்து அழுத்தி, இறுகும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தார். விரலுக்கு அடியில் ட்ரே மெல்ல எழும்பியது. அழுத்தினார். மறுபடி எழும்பியது... கீழேயிருந்து ஏதோ ஒன்று நிதானமாக முட்டித் தள்ளியது. கிழவரோ ஆடாமல் அசையாமல் இருக்கிறார். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிகிறது. கரக்... கரக்... என்று சுரண்டுகிற சத்தம். இழுத்தார். 'ப்ளக்' என்று வந்தது, பின்னாலேயே கொழகொழவென்று ஒரு முழ எச்சில்.

பட்டறையில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் திருப்பிப் பார்த்தார். ஈறு சரியாகப் பதிந்திருந்தது. மேலண்ணத்தில் மட்டும், பொக்கை வாய்க்காரரின் மேலண்ணத்தில், சின்னச் சின்னதாகக் கடித்த தடம். காற்றுக் குமிழியாக இருக்கும் என்று கத்தியால் சுரண்டிச் சமன் செய்துவிட்டார்.

அடுத்து செய்ததுதான் தப்பு. பல்செட்டுக்கான பற்கள் அட்டையில் வரிசையாக வரும். முழு செட் என்றால் இருபத்தெட்டு. அதுதான் வழக்கம். ஒவ்வொரு ஓரத்திலும் ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றியிருந்தால் கிழவர் கேட்ட இருபத்துநாலு வந்திருக்கும். கழற்றத்தான் கையை வைத்தார். தொழில் புத்தி விடவில்லை. பின்னால் பல் இல்லாவிட்டால் கடி நிற்காது, செட் ஆடும், நாளைக்கு நம் பேர்தான் கெடும். மிஞ்சின நாலு பல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாய்க்குள்ளே போய் யார் எண்ணப் போகிறார்கள்? இருபத்தெட்டையும் பதித்து, தேய்த்து, பளபளவென்று மெருகேற்றினார்.

போட்டுவிட்ட அன்று கிழவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்துக்கு உள்ளே நாக்கு நகர்வது வெளியே தெரிந்தது. ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டு... வலது ஓரம் போய், இடது ஓரம் வந்து, மேலே, கீழே. நின்றது.

"நாலு கூட இருக்கே தம்பி."

"போட்டுக்கிட்டே இருங்க ஐயா, பழகிடும்." தொழிலில் எல்லாரும் சொல்கிற பதில்.

"எனக்குப் பழகிடும்," என்றார் கிழவர். கழற்றச் சொல்லி வாயைத் திறக்கப் பார்த்தார். தாடை திறக்கவில்லை. புது செட் கொஞ்சம் இறுகியிருக்கும் என்று நினைத்து, இவர் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரே அவசரம். அக்கா மனசு மாறிவிடுமோ என்று.

அக்கா வீட்டுக்கு வந்தாள். முதல் இரண்டு நாள் கொல்லைப்புறத்தில் குந்தி வாந்தி எடுத்தாள். சாம்பலாக, திப்பி திப்பியாக வந்தது. சில திப்பியில் எழுத்துகூடத் தெரிந்தது. அப்புறம் தெளிந்து, தட்டு போட்டுச் சாப்பிட்டாள், மகளுக்குத் தலை வாரிவிட்டாள். "பாத்தியா மாமா, எங்கம்மா வந்துட்டா" என்று அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வீடே கலகலத்துப்போனது.

புது செட் போட்டவர்களைச் சில நாள் கழித்துப் போய்ப் பார்ப்பது பெரியப்பாவின் பழக்கம். எங்காவது உரசிப் புண்ணாகியிருந்தால் ராவிக் கொடுப்பார். போனார். அதே சாலை, அதே வெயில்.

இந்தத் தடவை நாற்றம் இல்லை. இனிப்பாக ஒரு வாசனை வந்தது. தேன் வாசனை.

கிழவர் நாற்காலியில் இருந்தார். உயிர் இல்லை. ஈ மொய்த்திருந்தது. செட் மடியில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். நாலு ஓரத்திலும் கடைவாய்ப் பல் இல்லை. உடையவில்லை... வேர் இருந்து பிடுங்கினது போல, ரோஸ் நிறத்தில் நாலு குழி.

கிழவரின் வாய் திறந்திருந்தது. பழக்கதோஷம், குனிந்து உள்ளே பார்த்துவிட்டார்.

நாக்கு இல்லை. அறுத்த காயம் இல்லை, ரத்தம் இல்லை. விருந்தாளி எழுந்து போன படுக்கை போல அந்த இடம் வெறுமனே கிடந்தது. கீழுதட்டிலிருந்து மோவாய், சட்டை, நாற்காலிக் கால், தரை என்று உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு. நத்தை போன தடம் போலக் காய்ந்திருந்தது. கதவுக்கு அடியில் நுழைந்து, வாசலில் இறங்கி, அவர் வந்த சாலையிலேயே ஊரைப் பார்த்துப் போயிருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"வலி எடுத்துடுச்சுடா. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். ஓடி வா."

போலீசுக்குத் தகவல் சொல்லிவிட்டு ஓடினார். போய்ச் சேர்வதற்குள் பிரசவம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. தாய் சௌக்கியம். அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா இப்படி வேர்த்துக் கொட்டுது? வா, உன் பேரனைப் பாரு. பொறந்ததுலருந்து அழவே இல்லடா. சமர்த்து."

"வாயை மட்டும் அசைச்சுக்கிட்டே இருக்கான் மாமா," என்றது அக்கா மகள், களைத்த குரலில். "பசியோ என்னவோ. இன்னும் பால் குடுக்கல."

குழந்தையின் தாடை அசைந்தது. உறிஞ்சுகிற அசைவு இல்லை அது. பக்கவாட்டில் போய் வந்தது. நறுக்... நறுக்...

யாரும் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அவருடைய ஆள்காட்டி விரல் குழந்தையின் வாய்க்குள் போய்விட்டது. முப்பது வருஷப் பழக்கம், வாயில் கோளாறு என்றால் விரல் தானாகப் போகும். முன் ஈறு மெத்தென்று இருந்தது. பின்னால் கொண்டு போனார். வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. மேலே இரண்டு, கீழே இரண்டு. இருட்டில் தடவிக் கொடுத்தாலும் தன் கை மெருகு அவருக்குத் தெரியும்.

விரலை எடுக்கப் பார்த்தார். அடியிலிருந்து அகலமாக ஒன்று எழும்பி விரலை மெல்லச் சுற்றிக்கொண்டது. கவளத்தை ஒதுக்குவது போல, கடைவாய்ப் பக்கமாக ஒதுக்கியது.

அவர் போட்ட சத்தத்தில் டாக்டர் அந்த அறைக்கே ஓடிவந்தார். அங்கேயே உட்கார வைத்துக் கட்டுப் போட்டார். கட்டுப் போட்டுக்கொண்டே சுற்றிலும் தரையைப் பார்த்தார்.

"விரல் துண்டு எங்கம்மா? சீக்கிரம் தேடிக் கொடுங்க, ஒட்ட முடியுதான்னு பாக்கலாம்."

அக்கா குனிந்து மடியைப் பார்த்தாள். மடியில் இருந்த குழந்தை அசைபோடுவதை நிறுத்தியது. அதன் தொண்டை ஒரு தடவை... ஏறி இறங்கியது.