நாற்பது லட்சம் கட்டம் கொண்ட நண்டு

மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் இருபத்து மூன்று பேரும் ஒன்பது மோட்டார் சைக்கிள்களும் இருந்தோம். அது எனக்குக் கூடுதலாகவே பட்டது. பக்கத்தில் மடிக்கணினியோடு நின்ற பெண், தலைக்கவசம் போட்டிருந்த தோழியிடம் சொன்னாள்:

“என்ட நண்டில நாற்பது லட்சம் கட்டம் இரிக்கி மச்சாள்.”

திரையில் நண்டு ஒன்று, பொடிக் கட்டங்களால் ஆனது.

“கேம் செய்யிற கொம்பனி எத்தின கேட்டது?”

“ஐயாயிரத்துக்குள்ள. நாளைக்குக் காலம அனுப்பாட்டி வேலை இல்ல.”

“எதில செஞ்சாய்?”

“சும்மா கிடைச்ச சொஃப்ட்வெயார் ஒண்டு. களிமண் மாதிரிப் பிசையலாம்.”

“அது பிசைய மட்டுந்தான் புள்ள. பிளெண்டர எடு, அதுக்கும் காசில்ல. பிசையவும் ஏலும், கட்டத்தக் குறைக்கவும் ஏலும்.”

“அதில எக்கச்சக்கமான பட்டன். பயந்து விட்டுட்டன்.”

“இந்த நண்ட அதுக்குள்ள எடுத்து, மேலால பெரிய கட்டமாப் போட்டு மூடு. வலப்பக்கம் மட்டும் போதும். இடப்பக்கத்த அதுவே கண்ணாடி மாதிரிப் போட்டுத் தரும்.”

“அது ஏலா மச்சாள். இடப்பக்கம் ஒரு கால் இல்ல.”

“ஏன்டி?”

“அப்பா பிடிச்சுவந்த நண்டப் பாத்துத்தான செஞ்சன். அதுக்கு ஒரு கால் இல்ல.”

எண்ணிப் பார்த்தேன். கொடுக்கோடு சேர்த்துப் பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது கால்தான்.

“நல்ல புள்ள நீ,” என்று சிரித்தாள் தோழி. “அப்ப கண்ணாடி போட்டு முடிச்சிட்டு அந்தக் காலப் புடுங்கி விடு. கறிக்குப் புடுங்கிறல்லயா?”