ஒரு ராத்திரி ஆறட்டும்

இரவு ஒன்றரை மணி. நெருப்பெரிச்சலிலிருந்து மண்ணரைக்கு வரும் ரோடு. கரண்ட் கட்... இன்றைக்கு மாதிரியேதான். ஒரு நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் ஒரு ஆள் பைக்கை ஓரங்கட்டிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.

மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள். அந்த ஜன்னலையும் சாத்திவிடுங்கள், காற்று வருகிறது. வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். அதெல்லாம் சினிமாக்காரர்களுக்கு. இந்தக் கதையில் வரும் பேய் ஒழுங்காக வேலை பார்த்த மனுஷன். நாற்றமெடுத்த ஜென்மம் வேறொன்று இருக்கிறது. அது இன்னும் உயிரோடு நடமாடுகிறது.

பெயர் மோகன்ராஜ். என்னோடு ஒரே டேபிளில் செக்கிங் பார்த்தாளே மைதிலி, அவளுடைய தாய்மாமன். நெருப்பெரிச்சலில் பனியன் யூனிட் வைத்திருந்தார். யூனிட் என்றால் தகரக் கொட்டகை, வாடகை மெஷின். ஆனால் பேச்சைக் கேட்டால் அமெரிக்காக்காரனே இவரிடம் கேட்டுத்தான் சட்டை போடுகிறான் என்று நினைப்பீர்கள். கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். வெளிச்சம் வர இடமில்லாமல் அதில் அவர் பெயரே நிறைந்திருந்தது.

அவரிடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் சோணைமுத்து. ராமநாதபுரம் பக்கம். பேச்சு குறைவு. டேபிளில் துணியை அடுக்கடுக்காக விரிப்பார். ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நீவிவிடுவார்... ஸ்ஸ்... ஸ்ஸ்... பிறகு நீலச் சாக்பீஸால் குறி போடுவார். கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி, அது அவர் கைவழக்கம். குறி போட்டு முடித்த அன்றைக்கு மட்டும் கத்தியைத் தொடவே மாட்டார். பனியன் துணி ரோலில் இழுபட்டுக் கிடந்த துணி. ஒரு ராத்திரி ஆறப் போட்டால்தான் தன் அளவுக்கு வந்து அடங்கும். மோகன்ராஜ் ஷிப்மென்ட் ஷிப்மென்ட் என்று பக்கத்தில் நின்று குதிப்பார். சோணைமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

"ஒரு ராத்திரி ஆறட்டும் மொதலாளி. அவசரப்பட்டு வெட்டுனா நமக்குத்தான் கேடு."

போன வருஷம் மழைக்காலத்தில் சோணைமுத்துவுக்குக் காய்ச்சல் கண்டது. லீவு கேட்டார். இந்த லாட் முடியட்டும் என்றார் மோகன்ராஜ். காய்ச்சலோடு நின்றுகொண்டே வெட்டினார். கடைசியில் டேபிள் மேலேயே சாய்ந்துவிட்டார். துணி ஏற்றுகிற வேனில் போட்டு, டிரைவர் கன்னையனும் மோகன்ராஜுமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே உயிர் போய்விட்டது. இவர் உங்களுக்கு யார் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள்.

"தெரியாதுங்க. ரோட்டோரம் கெடந்தாப்ல. பாவமேன்னு தூக்கியாந்தனுங்க."

பாவமாம்... என் ஆள் என்று சொன்னால் விசாரணை வரும். காய்ச்சல்காரனை ஏன் நிற்க வைத்தாய் என்பார்கள். யூனிட்டைப் பூட்டுவார்கள், ஷிப்மென்ட் நின்றுபோகும். கூடவே உழைத்த மனுஷனை அநாதை ஆக்க அந்த ஆளுக்கு இவ்வளவு காரணம் போதுமானதாக இருந்தது.

போலீஸ் விசாரித்தும் உறவு என்று யாரும் வரவில்லை. கேட்பாரற்ற பிணம் என்று ஒரு மெடிக்கல் காலேஜுக்குக் கொடுத்துவிட்டார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் அறுத்துப் பார்த்துப் படிக்க. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மாவுக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவும் யாரோ ஒருவர் உடம்பில்தான் கத்தி பிடிக்கப் பழகியிருப்பார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் ஊரில், ஆபரேஷன் கற்றுக்கொள்ளப் பிணம் கிடைக்காமல் திருடர்களிடம் வாங்கினார்களாம். புதைத்த ராத்திரியே கல்லறையைத் தோண்டுவார்களாம். சத்தம் வரக்கூடாது என்று மர மண்வெட்டி. எப்போதும் ஏழைகளின் குழிதான். ஆபரேஷன் என்கிற வித்தை வளர்ந்ததே கேட்க நாதியில்லாதவன் உடம்பில்தான். ஆனாலும் அந்தத் திருடனுக்கு முதுகாவது வலித்திருக்கும். நம் மோகன்ராஜுக்கு அதுவும் இல்லை. தெரியாதுங்க என்று ஒரு சொல்... முடிந்தது வேலை.

தீபாவளிக்குப் புருஷன் வரவில்லை என்று முத்துப்பேச்சி தேடி வந்தாள். சோணைமுத்துவின் சம்சாரம். கையில் ஒரு போட்டோ. மோகன்ராஜ் அவளை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, உன் புருஷன் எவளோடோ ஓடிவிட்டான் என்று கூசாமல் சொன்னார். செத்தவன் மேல் சேற்றை வாரி அடிக்க அந்த நாக்கு துளிகூட நடுங்கவில்லை.

"அவுக சொல்லாம ஒரு எட்டு வைக்க மாட்டாக" என்று மட்டும் சொன்னாளாம்.

ஊருக்குத் திரும்பவில்லை. மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் தங்கி, பிசிறு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஸ்டாண்டில் போட்டோவோடு நிற்பாள். இருக்கிறாரா, இல்லையா... அது தெரியாமல் அவளால் பொட்டு வைக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. கன்னையனுக்கு உண்மை தெரியும். கன்னையன் சொல்லி, மாமன் யூனிட்டிலேயே வேலைக்குப் போயிருந்த மைதிலிக்கும் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. மைதிலி என் சிநேகிதிதான். இருந்தாலும் தூ.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள்.

யூனிட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிற வழியில் மோகன்ராஜுக்கு ஒரு வாசம். சாயப்பட்டறை என்று நினைத்தார். சாயப்பட்டறை நாற்றம் நமக்குத் தெரியாதா? இது அது இல்லை. கண்ணை அரிக்கிற வாசம். பிணம் கெடாமல் இருக்கத் தொட்டியில் ஊற்றுகிற மருந்து. தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் முட்ட, பைக்கை நிறுத்திவிட்டார்.

இன்ஜின் அடங்கியதும் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்...

ஸ்ஸ்...

முதுகுக்குப் பின்னால். காற்று இல்லை. பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு உள்ளங்கை அவர் சட்டையை நீவிவிட்டது. அவசரமே இல்லாமல். ஒரு சுருக்கம்கூட இருக்கக்கூடாது என்கிற மாதிரி.

எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. காலையில் குளிக்கச் சட்டையைக் கழற்றினார். துண்டு கொடுக்க வந்த சம்சாரம் சித்ரகலா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க... நெஞ்சுல என்னங்க கோடு?"

தொண்டைக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நேராக ஒரு நீலக் கோடு. முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

சோப்புப் போட்டுத் தேய்த்தார். மங்கியது, போகவில்லை. மறுநாள் தோள்பட்டையில் ஒரு வளைவு, கை வெட்டுகிற இடம். அடுத்து மணிக்கட்டைச் சுற்றி. அடுத்து தொடை. கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தாலும் விடியும்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். ராத்திரியில் அந்த ஸ்ஸ்... சித்ரகலாவுக்கும் கேட்டிருக்கிறது. அவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவிநாசிக்குப் போய் அர்ச்சனை செய்தார். எலுமிச்சம்பழம் அறுத்தார். தோல் டாக்டரிடம் களிம்பு வாங்கினார். நாலு தெரு தள்ளி ஒரு பெண் போட்டோவோடு காத்திருக்கிறாளே, அவளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. காசிக்குப் போகச் சொன்னாலும் போயிருப்பார், அந்த லைன் வீட்டுக்குப் போகமாட்டார்.

ஒரு நாள் காலை. கண்ணாடி முன்னால் நின்று உடம்பெல்லாம் தேடினார். பழைய கோடுகள்தான். புதிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு யூனிட்டுக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார். களிம்பா, சாமியா, ஏதோ ஒன்று வேலை செய்துவிட்டது என்று பல்லைக் காட்டினார். எல்லோரும் தின்றார்கள். மைதிலி மட்டும் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"புதுசா ஒண்ணும் இல்லைன்னா... குறி போட்டு முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க மாமா. இன்னைக்கு ஒரு ராத்திரி ஆறட்டும்னு உட்டிருப்பாரு."

மனுஷன் ஜாங்கிரிப் பெட்டியை அப்படியே போட்டார். இருட்டும்வரைகூட இருக்கவில்லை. செருப்புப் போடாமல் மண்ணரைக்கு ஓடி, லைன் வீட்டு வாசலில் முத்துப்பேச்சி காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினார். ஆஸ்பத்திரி, காலேஜ், சாக்பீஸ் கோடு எல்லாம். மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அவள் அடிக்கவில்லை. அழவும் இல்லை. உள்ளே போய்ப் பொட்டை அழித்துவிட்டு வந்து, வண்டியை எடுக்கச் சொன்னாள்.

காலேஜில் போட்டோவைக் காட்டி, போலீஸைக் கூட்டி வந்து, அலைந்து, அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் உடம்பை வாங்கினாள். வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்தார்கள். பாதி உடம்பு படித்து முடித்தாகிவிட்டது. வலது கையில் மட்டும் இன்னும் கத்தி படவில்லை, தொட்டிக்குள்ளேயேதான் கிடந்தது என்று அங்கே வேலை செய்கிறவர் சொல்லியிருக்கிறார். அதே வேன். கன்னையன் ஓட்ட, மோகன்ராஜும் கூடப் போனார். அவளை விட்டுவிட்டு அந்த ராத்திரியில் தனியாக இருக்க அவருக்குத் தைரியம் இல்லை.

சோணைமுத்துவின் ஊர்ச் சுடுகாட்டில் விடிகிற நேரம். குளிப்பாட்டுவதற்காக அந்தத் துணியை அவிழ்த்தார்கள். வலது கை மூடியிருந்தது. முத்துப்பேச்சி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரல் நுனியிலும் நீலத் தூள். மருந்துத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறிய கை... தூள் மட்டும் காய்ந்திருந்தது. அவள் மூச்சுப் பட்டுப் பறந்தது. அத்தனை புதுசு.

நிமிர்ந்து மோகன்ராஜைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாத்தனார் சொம்புத் தண்ணீரை நீட்டி, கையைக் கழுவிவிடு தாயி என்றாள்.

முத்துப்பேச்சி அந்த விரல்களைப் பழையபடி மடக்கினாள். துணியை இழுத்துக் கட்டினாள்.

"வேணாம் மதினி, இருக்கட்டும். அவுகளுக்கு இன்னும் வேலை கெடக்கு."