நாலு மணி வண்டிக்கு முன்னால் ஒரு மடக்கு

— செக்போஸ்ட்ல என்னான்னு சொன்ன மச்சான், டீன்னா?

— அவுங்க கேக்கவே இல்ல மாமா. கையில ஒரு ஃபிளாஸ்க்க வச்சிக்கிட்டு பாண்டிச்சேரியிலேர்ந்து கடலூர் வர்றவன யாரு கேக்கப் போறாங்க. மெதுவா பேசுங்க, அக்கா காதுல விழுந்தா எனக்கு இன்னிக்கு சோறு கெடையாது.

— அமிர்தம் பின்கட்டுல இருக்கா, இப்ப வரமாட்டா. ஊத்து.

— கால் டம்ளர்தான் மாமா. மொத்தமே அர லிட்டருதான் கொண்டாந்தேன்.

— இது பீரா? பீருன்னா தண்ணியா இல்ல எறங்கும். இது பாயசம் கணக்கா எறங்குது.

— பழத்த அரைச்சு ஊத்தியிருக்கேன். புளிப்பு பீரு மாமா. கேக்கு, அல்வா, பாயசம்னு ஏதாவது ஒரு இனிப்ப மனசுல வச்சிக்கிட்டு, குடிச்சா அதே நெனப்பு வர்ற மாதிரி செய்யிறது. நான் வேல செய்யிற எடத்துல மொத மொதல்ல, தமிழ்மணி, இத நீயே தனியா போடுன்னு விட்டுருக்காரு முதலாளி. ஒரு டேங்க் ஃபுல்லா நிக்குது. நாளைக்கு சாய்ந்தரம் எல்லாருக்கும் ஊத்தணும். அதுக்குள்ள உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு வந்தேன்.

— என் வாயாலயா.

— பின்ன? கடலூரு, சிதம்பரம் ரெண்டு ஊர்லயும் கல்யாணம் பண்ணவங்க யாரக் கேட்டாலும் சமையல்காரரு பழனிவேல் மூக்கப் பத்தி சொல்லுவாங்க. அடுப்புலேர்ந்து பத்தடி தள்ளி நின்னுகிட்டே பருப்பு அடி புடிக்கப் போவுதுன்னு சொல்ற ஆளு நீங்க. குடிங்க. என்னா பழம், என்னா பண்டம், நீங்களே சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

— ம். நல்லா இருக்கு மச்சான். பிரமாதமா வந்துருக்கு. ஏலக்காதான் ஒரு சிட்டிக தூக்கலா இருக்கு.

— ஏலக்காயே போடலியே மாமா.

— அப்ப பட்டையா இருக்கும்.

— பட்டையும் இல்ல. என்னா மாமா, டம்ளர ஏன் கீழ வச்சிட்டீங்க?

— யாருகிட்டயும் சொல்லிடாத. எனக்கு மூக்கு இல்ல மச்சான். கொரோனா வந்து படுத்தேன் பாரு, அன்னிக்குப் போனது. உப்பு, புளிப்பு, இனிப்பு, ஒறப்பு, இது நாக்குல தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. மல்லிப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான்.

— அஞ்சு வருஷமா ஆவுது. அதுக்கப்புறமும் எத்தினி கல்யாணம் சமைச்சீங்க.

— உங்கக்காதான் என் மூக்கு. கரண்டி என் கையில இருக்கும், பக்கத்துல அவ நிப்பா. பதம் வந்துடுச்சுன்னா முந்தானையால மொகத்த தொடைப்பா, நான் எறக்கிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாம ஓடிச்சு. போன மாசம் சிதம்பரத்துல ஒரு கல்யாணம். அவளுக்கு காய்ச்சல், வரல. டின்னுல இருந்த நெய்யி காறிப் போயிருக்கு. எனக்குத் தெரியல, அப்பிடியே பாயசத்துல ஊத்திட்டேன்.

— கூட ஆளுங்க இருந்தாங்க இல்ல?

— இருந்தாங்க. மாஸ்டர் மூக்குக்குத் தெரியாததா நம்ம மூக்குக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு சும்மா இருந்துட்டாங்க. நானூறு எல மச்சான். பொண்ணோட அப்பா ஒரு வார்த்த திட்டல. பாயசத்த அப்பிடியே விட்டுட்டு எலய மூடிட்டு எழுந்தாரு. திட்டியிருந்தா நான் தூங்கியிருப்பேன்.

— அதான் அண்டா, குண்டான் எல்லாத்தையும் வெளக்கி வாசல்ல கவுத்து வச்சிருக்கீங்களா? அடுத்த வேலைக்குன்னு நெனச்சேன்.

— சிதம்பரத்து சமையல்காரரு நடனசபாபதி எல்லாத்தையும் வெலைக்கு எடுத்துக்கறாரு. நாலு மணிக்கு வண்டி வருது. அது ஏறிடுச்சுன்னா நான் சமையல்காரன் இல்ல. உன் பீருக்கு நான் என்னாத்த சொல்ல.

— மாமா, கேளுங்க. சிரிக்கக் கூடாது. எனக்கு ஒரு வாரமா ஜலதோஷம். மூக்கு அடச்சிப் போயி கெடக்கு. நான் போட்ட பீரு என்னா வாசன அடிக்குதுன்னு எனக்கே தெரியல. அதான் உங்கள நம்பி பஸ் ஏறுனேன்.

— அட போ மச்சான். மூக்கு செத்தவன்கிட்ட மூக்கடச்சவன் வந்து கேக்குறான்.

— சிரிச்சிட்டீங்க. பரவால்ல, மீதிய குடிங்க. நாக்குக்குத் தெரியிறதயாவது சொல்லுங்க.

— குடு. ம். இது எலுமிச்சம்பழ புளிப்பு இல்ல. புளியும் இல்ல. பல்லு கூசல. நாக்கு ரெண்டு ஓரத்துலயும் வந்து நிக்குது, கொஞ்ச நேரம் நின்னுட்டு தானா அடங்குது. எத வச்சி புளிக்க வச்ச?

— தயிருக்கு செய்யிறதுதான் மாமா. பார்லி தண்ணிய காய்ச்சி, இளஞ்சூட்டுல ஒறை ஊத்தி ரெண்டு நாளு மூடி வச்சோம்.

— பீருக்கு ஒறை ஊத்துறீங்களா. இருவத்தெட்டு வருஷம் அடுப்புகிட்ட நின்னுருக்கேன், இப்பிடி ஒண்ணு தோணல பாரு. புளிப்பு அடங்குன எடத்துல இனிப்பு வருது. அது சக்கர இல்ல, பால்ல இருக்கற இனிப்பு. எல்லாத்துக்கும் கடைசியா உப்பு. ஒரு வெரல் நுனி. யப்பா, நான் போடுற அதே கணக்கு மச்சான்.

— உப்ப கண்டுபுடிச்சிட்டீங்களே. அங்க ஒருத்தரும் சொல்லல.

— இரு. பேசாத.

— என்னா மாமா?

— பேசாதன்னா பேசாத. மச்சான். பலா.

— என்னாது?

— பலாச்சொள. வருது. மூக்குக்குள்ள வருதுடா தமிழ்மணி, சத்தியமா வருது. நல்லா பழுத்தது. காம்புகிட்ட ஒரு பச்ச பால் வாட இருக்கும் பாரு, அது கூட தனியா தெரியுது. இந்த வாசன இவ்ளோ பெருசா இருக்கும்னு மறந்தே போயிட்டேன். பலாப்பழமா போட்ட?

— ஆமா மாமா. பலாப்பழந்தான்.

— எத்தினி டாக்டரப் பாத்தேன். எத்தினி சொட்டு மருந்து. எதுலயும் வராதது உன் கால் டம்ளர்ல வந்துருக்கு. உன்னக் கையெடுத்து கும்புடணும் போல இருக்கு மச்சான். அந்த போன எடு. நடனசபாபதிகிட்ட வண்டி வேணாம்னு சொல்லிடறேன். பாதி வழி வந்திருந்தாலும் திரும்பட்டும். ம், ரிங் போவுது.

— கட் பண்ணுங்க மாமா.

— ஏன்?

— கட் பண்ணுங்க. நான் பொய் சொன்னேன். உங்க மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல வாய் வரல. இதுல பலாப்பழம் ஒரு சொட்டு கெடையாது. அன்னாசி. நம்ப சித்தப்பா பொண்ணு இலக்கியா கல்யாணத்துல நீங்க கிண்டுன அன்னாசிப்பழக் கேசரி, அத நெனச்சித்தான் இத செஞ்சேன்.

— அன்னாசி.

— என் பொய்ய நம்பி நீங்க பாத்திரத்த வச்சிக்கிட்டு, மறுபடி ஒரு பந்தியில எலய மூடிட்டு எழுந்தாங்கன்னா? அத என்னால தாங்க முடியாது மாமா.

— டாக்டர் சொன்னாரு. மூக்கு போனவங்களுக்கு சில நேரம் இல்லாத வாசன வரும், நம்பாதீங்கன்னாரு. போன வருஷம் ஒரு மாசம் எனக்கு ரப்பர் எரியிற வாட வந்துக்கிட்டே இருந்துது. இப்ப பலாப்பழமா வந்துருக்கு. அவ்ளோதான்.

— மன்னிச்சிடுங்க.

— நீ என்னா பண்ணுவ. என் கேசரிய குடிக்கிற பண்டமா ஆக்கி வச்சிருக்க, அது என்னான்னு எனக்கே தெரியல பாரு. நாளைக்கு தைரியமா ஊத்து. நாக்கு சொல்றது வரைக்கும் நான் சொல்றேன், நல்ல கை உனக்கு. ஆனா ஒண்ணு மச்சான், பொய்யின்னு தெரிஞ்சும் இது போவ மாட்டேங்குது. டம்ளர் காலி. இப்ப இன்னும் ஜாஸ்தியா வருது. பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும், என்னா வாசன. அஞ்சு வருஷத்துல ஒரு நாளாச்சும் குடுத்துச்சே.

— ஹாரன் அடிக்கிறாங்க மாமா.

— வண்டிதான். நீ ஒக்காரு, வெயில்ல வராத. பெரிய அண்டாவ நானே என் கையால ஏத்தி விட்டுடறேன்.

— தம்பி. டேய் மணி. அவரு வெளிய போயிட்டாரா?

— இப்பதான் வாசலுக்குப் போனாரு அக்கா. ஏன்?

— அப்ப இந்தப் பின்கதவ தள்ளு, ரெண்டு கையும் ஒரே பிசினு. பக்கத்து வீட்டுப் பாண்டியன் பண்ருட்டியிலேர்ந்து ஒரு பலாப்பழத்த கொண்டாந்து போட்டுட்டுப் போனான், வாசன தெரியாத மனுசன் முன்னால அறுக்க மனசு வராம கெணத்தடியில வச்சி அறுத்துக்கிட்டு இருக்கேன். அவருகிட்ட மட்டும் சொல்லிடாத.