டேபிள் ரோஸுக்கு ஒரு விரல் மண் போதும்

வீட்டு முகப்பை அழகாக்கப் பெரிய செலவெல்லாம் வேண்டாம், சார். தெரிந்தவர் வீட்டில் ஒரு குச்சி ஒடித்து வந்து நட்டால் போதும். நான் கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் காகிதப்பூ புவனகிரி டீக்கடையில் வாங்கியது. நந்தியாவட்டை, சிதம்பரத்தில் ஒரு டிரைவர் வீட்டுக் குச்சி. எல்லாமே வாய்விட்டுக் கேட்டு வாங்கியவை. நந்தியாவட்டையை ஆடு சீண்டாது, உரம் வேண்டாம், நாலு நாள் தண்ணீர் காட்டாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. இதைவிட நல்ல துணை கிடையாது. என் மனைவி முத்தம்மாள் காதில் இது விழ வேண்டாம்.

தெருவே நின்று பார்க்கும். பார்க்கத்தானே வைத்தேன்.

எதிர்வீட்டு ஞானசேகரன் பார்ப்பதோடு நிற்கமாட்டார். தினமும் விடிகாலையில் தொரட்டியும் பிளாஸ்டிக் கவருமாக வந்து, மதிலுக்கு வெளியே நின்றபடி நந்தியாவட்டையை மொட்டையடித்துவிடுவார். நான் எட்டிப் பார்த்தால் ஒரு சிரிப்பு. "ரெண்டு பூ பறிச்சுக்கட்டா மாமா? சாமிக்குத்தான்." அதற்குள் கவர் பாதி நிரம்பியிருக்கும். அது கேட்பதா, தகவல் சொல்வதா? என் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் எவனும் இறங்கியதில்லை, சார். அவர் போன பிறகு எனக்குக் காபி தொண்டையில் இறங்காது. அவ்வளவு ஆத்திரம்.

மதிலுக்கு உள்ளே, நந்தியாவட்டையை ஒட்டிப் பழைய செப்டிக் டேங்க் ஒன்று இருக்கிறது. பாதாளச் சாக்கடை வந்த பிறகு அதற்கு வேலையில்லை, மழைத்தண்ணீர்தான் நிற்கும். மேலே கிடந்த சிமென்ட் பலகை பார்க்கவே அசிங்கம். வெயிலில் சுடும், எதுவும் வளராது. அதை எடுத்துப் போட்டேன். மெல்லிய மூங்கில் தப்பை, அதன்மேல் சாக்கு, தென்னைநார்த் தூள், கொஞ்சம் மண். டேபிள் ரோஸுக்கு ஒரு விரல் மண் போதும். ஒரே மாதத்தில் ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிக்கொண்டது. பூனை நடந்தால் தாங்கும்.

பிறகு நந்தியாவட்டையின் வெளிக்கிளைகளைக் கழித்துவிட்டேன். கழித்தால் உள்பக்கம் நன்றாகப் பூக்கும். பூத்தது, சரியாக டேபிள் ரோஸுக்கு மேலே. அங்கே நல்லபாம்பு பார்த்ததாக முத்தம்மாளிடம் சொல்லிவைத்தேன். அவள் அந்தப் பக்கமே போவதில்லை. கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதையும் விட்டுவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முத்தம்மாள் ஜோதி பார்க்க வடலூர் போயிருந்தாள். ஞானசேகரனுக்கும் அன்றைக்குப் பூ ஜாஸ்தி தேவைப்பட்டிருக்கும். விடிகாலையில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். நான் பால் காய்ச்சி, காபி கலந்துகொண்டு வெளியே வந்தேன்.

கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தார். "மாமா, கையக் குடுங்க மாமா. மூச்சு முட்டுது. ஒங்கள கெஞ்சிக் கேக்குறேன்."

தெருமுனைக் கோயிலில் மைக்செட் போட்டிருந்தார்கள். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அன்றைக்குக் காபி நன்றாக இறங்கியது. அவர் குரல் அடங்கிய பிறகு புதிதாகத் தப்பை அடுக்கி, சாக்கு விரித்து, டேபிள் ரோஸை மறுபடி நட்டேன். கிள்ளி வைத்தாலே பிழைத்துக்கொள்கிற செடி.

சாயங்காலம் அவர் மகள் வினோதினி வந்தாள். "அப்பா இந்தப் பக்கம் வந்தாங்களா மாமா? காலைல போனவுங்க இன்னும் வர்ல." முகம் வீங்கியிருந்தது. பாவமாக இருந்தது. சாமிக்கு வை என்று ஒரு கை பூ பறித்துக் கொடுத்தேன்.

எதையும் வீணாக்க எனக்கு மனசு வராது, அதில்தான் மாட்டிக்கொண்டேன். காகிதப்பூக் கொடிக்கு முட்டுக்கொடுக்க ஒரு கம்பு வேண்டியிருந்தது. தொரட்டி சும்மாதானே கிடந்தது. அதன் பிடியில் சுற்றியிருந்த பச்சைத் துணி, அப்பாவின் கை உரசக் கூடாதென்று வினோதினி கிழித்துக் கட்டிய தாவணி என்று எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் மதிலோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உங்களைக் கூட்டி வந்தாள்.

செய்தது நான்தான், சார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் கருமி இல்லை. ஞானசேகரன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கொடுத்திருப்பேன்.