பதிலுக்கு முன்னால் ஆறு விளம்பரம்

டெக்லன்: மறுபடியும் அதே மெத்தையா! இப்பதானே முடிஞ்சுது!

ஓர்லா: கத்தாதேண்ணா. இன்னும் நாலு விளம்பரம்தான்.

டெக்லன்: நாலா? அம்மா ஹோட்டலுக்குள்ள வந்தா, கோட்டைக் கழட்டினா, நாற்காலியை இழுத்தா... உடனே மெத்தை, கார் காப்பீடு, நாய் பிஸ்கட்!

பெர்னடெட்: அந்த நாய் அழகா இருக்குடா.

டெக்லன்: பேச்சை மாத்தாதேம்மா. பெத்த அம்மா, அறுபத்து மூணு வயசுல, ஜோடி சேர்த்து வைக்கிற நிகழ்ச்சியில போய் உட்கார்ந்திருக்கே. நேத்து அயர்லாந்தே டிவியில பார்த்திருக்கு. உன் பிள்ளை நான் கால்வேயிலேருந்து காரை விரட்டிக்கிட்டு வந்து, இன்னிக்கு நெட்ல தேடிப் போட்டுப் பார்க்கறேன்.

ஓர்லா: நேத்தே பார்த்திருக்கலாமே?

டெக்லன்: நேத்து... நேத்து வேலை இருந்துச்சு.

ஓர்லா: ஷ்! ஆரம்பிச்சிருச்சு!

டெக்லன்: நாக் மாதா கோவிலுக்குப் போறேன்னுட்டு டப்ளின்ல விருந்து! நல்லா இருக்கும்மா...

பெர்னடெட்: மாதா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. உங்கப்பா போனதுலேருந்து நான் தனியா சாப்பிடறது அவளுக்குத் தெரியும்.

டெக்லன்: யாரு இந்த ஆளு? தொப்பியைக் கழட்டணும்னுகூடத் தோணலை.

பெர்னடெட்: ஃபெர்கஸ். க்ளான்மெல்காரர். பஸ் ஓட்டிக்கிட்டிருந்தார்.

டெக்லன்: பார்த்துக்கிட்டே இரு, இப்ப சூப்பைச் சட்டையில ஊத்திக்குவார்.

ஓர்லா: ஐயோ, ஊத்திட்டார்! எப்படிண்ணா சொன்னே?

டெக்லன்: அதான்... கரண்டியைப் பார்க்காம அம்மாவையே பார்க்கறாரே.

பெர்னடெட்: எனக்கும் கொட்டிடுவேனோன்னு பயம்தான். அதான் சூப்பைத் தொடாம ரொட்டியைப் பிய்ச்சுக்கிட்டிருக்கேன் பாரு.

ஓர்லா: பிள்ளைங்க உண்டான்னு கேக்கறார்... சத்தத்தைக் கூட்டு!

டிவியில் பெர்னடெட்: ரெண்டு பேரு. பொண்ணு பக்கத்துத் தெருவுல. பையன் கால்வேயில. தங்கமானவன். என்னை அங்கேயே கூப்பிட்டு வச்சுக்க, தோட்டத்துல ஒரு அறை கட்டியிருக்கான். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் நடுவுல என்னை நட்டு வைக்கப் போறான்.

டிவி: முதுகுவலியா? இனி கவலை வேண்டாம்! எங்கள் மெத்தையில் படுத்துப் பாருங்கள்!

ஓர்லா: அண்ணா?

பெர்னடெட்: டெக்லன், அது சும்மா தமாஷுக்கு...

டெக்லன்: தமாஷ் இல்லைம்மா. இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?

பெர்னடெட்: எப்படிடா சொல்றது? ஜன்னல் திரையெல்லாம் வாங்கிட்டு வந்து காட்டினே. மஞ்சள்ல பூப்போட்டது. அந்த மூஞ்சியைப் பார்த்து வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. முன்னப் பின்னத் தெரியாத மனுஷன் கேட்டதும் கொட்டிட்டேன். கேமரா இருக்கறதே மறந்துபோச்சு.

டெக்லன்: சரி, விடு. அந்த அறையில சைக்கிளை நிறுத்திக்கறேன்.

பெர்னடெட்: கோபமா?

டெக்லன்: கோபமெல்லாம் இந்த மெத்தைக்காரன் மேலதான்.

ஓர்லா: இரு, இரு... சக்கரம் சுத்துது. போச்சு! முதல்லேருந்து ஆரம்பிக்குது!

டெக்லன்: என்னது! அம்மா மறுபடியும் கோட்டைக் கழட்டணுமா? தள்ளு, முன்னால தள்ளு!

ஓர்லா: தள்ளினா, பார்த்த விளம்பரத்தையெல்லாம் திரும்பப் போடறான்!

டெக்லன்: கதையை நடுவுல நிறுத்தி விளம்பரம் போட்டா பரவாயில்லை. இவன் விளம்பரத்தை நிறுத்தி, போனாப் போகுதுன்னு கொஞ்சம் கதை போடறான்!

பெர்னடெட்: கத்தாதே, டீ ஆறுது.

ஓர்லா: வந்துருச்சு! கடைசிக் கேள்வி! மறுபடி சந்திக்க இஷ்டமான்னு ரெண்டு பேரையும் கேக்கறாங்க...

டெக்லன்: ஃபெர்கஸ் சரிங்கறார்! பாரு, காதெல்லாம் எப்படிச் சிவந்துபோச்சு!

ஓர்லா: அடுத்தது அம்மா... வாயைத் திறக்கறா...

டிவி: முதுகுவலியா? இனி கவலை...

ஓர்லா: ஐயோ!

டெக்லன்: டேய், உன் மெத்தையில இடி விழ!

ஓர்லா: ஆறு விளம்பரம்னு போட்டிருக்கு. ஆறு! தாண்டவும் விடமாட்டான்.

டெக்லன்: நீயே சொல்லிடும்மா. என்ன சொன்னே?

பெர்னடெட்: ... முடியாதுன்னுட்டேன்.

டெக்லன்: ஏன்?

பெர்னடெட்: நீ என்ன நினைப்பியோன்னுதான்.

டெக்லன்: நானா குறுக்கே நின்னேன்? நல்ல மனுஷன்மா! சூப்பைக் கொட்டிட்டுத் தன்னைப் பார்த்துத் தானே சிரிச்சார் பாரு... அப்படி ஒரு ஆளை எங்க போய்த் தேடுவே?

பெர்னடெட்: அப்ப உனக்கு வருத்தம் இல்லையா?

டெக்லன்: இல்லை.

பெர்னடெட்: உங்கப்பா நாற்காலியில அவர் உட்கார்ந்தா?

டெக்லன்: ... உட்காரட்டும்மா. இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் இல்லைன்னா அப்பாவுக்கே பிடிக்காது.

பெர்னடெட்: சத்தியமாச் சொல்றியா?

டெக்லன்: சத்தியமா.

பெர்னடெட்: ஓர்லா, அவரை உள்ள வரச் சொல்லு.

டெக்லன்: யாரை?

ஓர்லா: ஃபெர்கஸைத்தான். எதிர்ல நிக்குதே நீலக் கார், அதுக்குள்ள உட்கார்ந்திருக்கார். நீ வந்ததுலேருந்து. இந்த மழையில.

பெர்னடெட்: நான் சரின்னுதான்டா சொன்னேன். படம் பிடிச்சு எட்டு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமையானா அவருக்கு இங்கதான் சாப்பாடு. ஓர்லாவுக்குத் தெரியும், உங்கிட்டதான் மறைச்சோம். டிவியே போட்டு உடைக்கறதுக்கு முன்னால உன் வாயால ஒரு வார்த்தை வரட்டும்னு பொய் சொன்னேன். மன்னிச்சுக்கோடா... ஏன்டா சிரிக்கறே?

டெக்லன்: நேத்து எனக்கு வேலையே இல்லைம்மா. டிவி முன்னாலதான் உட்கார்ந்திருந்தேன், நீ சரின்னு சொல்ற வரைக்கும். தோட்டத்துல நட்டு வைக்கிறதைக் கேட்டதுலேருந்து தூக்கமே வரலை. அதை உன் பக்கத்துல உட்கார்ந்து இன்னொரு தடவை கேக்கணும்னுதான் வந்தேன்... ஓர்லா, நீ இரு, குடையைக் குடு. அவரை நானே போய்க் கூப்பிடறேன்.