நாலடி தள்ளி

இருந்தவர்கள்: ராணித் தேனீ வளர்த்து விற்கும் தம்பி. பெட்டிகளை வைக்கத் தன் வீட்டுக் கொல்லையில் இடம் கொடுத்த அக்கா. கடைசியில் வந்தவள் ஒருத்தி.

— யாரு அந்தக் கோடிப் பெட்டிய நகர்த்தினது? அக்கா, உன்னத்தான் கேக்கறேன்.

— கத்தாத. என்ன குடி முழுகிப் போச்சு? நாலடி தள்ளி இருக்கு. அவ்ளோதான?

— உனக்கு அது நாலடி. உள்ள இருந்தது கன்னி ராணி. இன்னிக்குத்தான் ஜோடி சேர வெளிய பறந்திருக்கா.

— பறந்தா திரும்பி வரட்டும்.

— எங்க வருவா? பெட்டி இருந்த இடத்தத்தான் அவ மனசுல வச்சிருப்பா. அங்க வந்து சுத்துவா, சுத்துவா. பெட்டி இருக்காது. பக்கத்துப் பெட்டிய தன் வீடுன்னு நெனச்சு நுழைவா. அந்தக் கூட்டுக்காரிங்க சூழ்ந்துக்கிட்டு கொன்னு போட்டுடுவாங்க.

— அடடா, கண்ணுல தண்ணி வேற. நம்ம அம்மா செத்தப்பகூட உனக்கு வரல.

— கிண்டல் பண்ணாத. இருக்கறதுலயே நல்ல ராணி அது.

— ஜோடி யாராம்? நீ பார்த்து வச்ச மாப்பிள்ளையா?

— அது நம்ம கையில இல்ல. எங்கெங்கயோ இருந்து ஆணுங்க வந்து வானத்துல ஒரு இடத்துல கூடும். இவ அங்க போவா. துரத்திப் பிடிக்கறவனோட சேருவா. ஒருத்தன் இல்ல, பத்துப் பதினஞ்சு பேரு.

— ஒருத்தனாவது என்ன வேல பாக்கறான்னு விசாரிச்சியா?

— உளறாத. வெளி ஆளோட சேர்ந்தாத்தான் கூடு தேறும். சொந்தத்துக்குள்ளயே சேர்ந்தா பாதிப் புழு வீணாப் போயிடும்.

— ஓஹோ. பூச்சிக்குன்னா இவ்ளோ பெரிய மனசு. பெத்த பொண்ணு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கக் கட்டிக்கிட்டா மட்டும் மானம் போயிடுது.

— அந்தப் பேச்ச எடுக்காத.

— எடுப்பேன். புருஷனோட உன்னப் பார்க்க வர்றான்னு தெரிஞ்சதும் என்ன பண்ணின, பெரிய மனுஷா? வீட்டக் காலி பண்ணிட்டு ரெண்டு தெரு தள்ளிக் குடி போயிட்ட. ஒரு வார்த்த சொல்லல. அவ வந்து பழைய வீட்டுக் கதவுல தன் சாவியப் போட்டுத் திருகினா. உள்ள இருந்த புதுக் குடித்தனக்காரன் திருடின்னு தெருவையே கூட்டிட்டான். முடியப் பிடிச்சு இழுத்தாளுங்கடா.

— தானாத் தேடிக்கிட்டுப் போனவதான?

— உன் ராணிய நீ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனியா?

— அது பூச்சி, அக்கா!

— ஆமா. அதனாலதான் அழற.

— பெட்டிய ஏன் நகர்த்தின? அதச் சொல்லு.

— உன் பெட்டிக் கிட்ட நான் என்னிக்குடா போயிருக்கேன்? ஒரு கொட்டு வாங்கினா எனக்கு மூஞ்சி பூசணிக்காயாட்டம் வீங்கிடும்.

— அப்ப யாரு?

— நான்தாம்ப்பா.

— நீயா? நீ எப்ப இங்க...

— திருடின்னு பட்டம் வாங்கின நாள்லேர்ந்து அத்தை வீட்டு மாடிலதான் இருக்கோம். நீங்க வருவீங்க, பெட்டியெல்லாம் திறந்து பார்ப்பீங்க, போவீங்க. மேல நின்னு பார்ப்பேன். இன்னிக்குக் கிட்ட வந்து பார்க்கணும்னு தோணிச்சு, ஒண்ணு காணாமப் போனா நீங்க எப்படி இருப்பீங்கன்னு.

— ராணி எங்க?

— நான் எப்படி இருக்கேன்னு கேக்கல பாருங்க.

— ராணி எங்கடீ?

— பெட்டிய இப்பத்தான் பழைய இடத்துலயே வச்சிட்டு வர்றேன். வந்தா நேரா நுழைஞ்சிடுவா. நீங்க எனக்குச் செஞ்சத அவளுக்குச் செய்ய மனசு வரல. உட்காருங்கப்பா. அவரு மேலதான் இருக்காரு, கூப்பிடறேன்.

— இரு, இரு. அவ வந்துட்டாளான்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்.

— அப்பா.

— ஒரே நிமிஷம்!

— போயிட்டான் பாரு. இவன் மாற மாட்டான்னு நான்தான் சொன்னேனேடி. நீ கேக்கல.

— பின்கதவச் சாத்துங்க அத்தை. தாழ்ப்பாள் போதாது, பூட்டிடுங்க.

— அக்கா! ராணி வந்துட்டா, உள்ள நுழைஞ்சிட்டா! அக்கா? கதவ எதுக்குப் பூட்டின?

— இது உங்க வீடு இல்லப்பா. ரெண்டு தெரு தள்ளிப் போய்த் தட்டுங்க.